தூண்டில் மீன்

தூண்டில் போடுவதைப் பற்றி இங்கிலீஷ்காரர்கள் எழுதியிருக்கும் அளவுக்கு வேறு எந்த ஜாதியாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். ஐஸக் வால்ட்டன் என்பவர் 1653-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தூண்டில், புழு, ஆற்றங்கரை, நல்ல சாப்பாடு, இவ்வளவுதான் விஷயம். அந்தப் புத்தகம் இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. நம் ஊரில் மீனைப் பற்றி எழுதாத புலவர் இல்லை. ஆனால் அவர்களுக்கு மீன் என்றால் கண். கயலைப் பாடினவர்கள் அநேகம் பேர்; கயலுக்குப் புழுக் கோத்துவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்தவர் ஒருவராவது இருந்ததாக எனக்குப் படவில்லை.

இங்கிலீஷ்காரர்கள் மீனிலும் வருணாசிரமம் வைத்திருக்கிறார்கள். சால்மன், டிரௌட் என்று இரண்டொரு மீன்கள் உயர்ந்த ஜாதி. அவற்றைப் பிடிப்பது பிரபுக்களின் பொழுதுபோக்கு. மற்ற ஆற்று மீன்களுக்கெல்லாம் சேர்த்து 'கோர்ஸ்' மீன் என்று பெயர். முரட்டு மீன், மட்ட மீன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மட்ட மீன்கள் யாரென்று பார்த்தால் பெரும்பாலும் நம் கெண்டையின் தாயாதிகள்தான். சுரங்கத்திலும் நெசவாலையிலும் வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் உட்கார்ந்து இவற்றைத்தான் பிடித்தார்கள். இன்றைக்கும் பிடிக்கிறார்கள், ஆனால் ஆற்றைவிடக் காசு வாங்கிக்கொண்டு மீன் வளர்த்துவிடும் குட்டைகளில் அதிகம். 1878-ல் ஒரு சட்டம் போட்டு, முட்டையிடும் காலத்தில் இந்த மீன்களைத் தொடக்கூடாது என்றார்கள். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடக்கூடாது. ஜூன் 16-ந் தேதி விடியும்போது கரையில் ஆள் உட்கார்ந்திருக்கும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கும் ஜூனில் ஒரு தேதி உண்டு. ஜூன் 12. அன்றைக்கு மேட்டூர் அணையைத் திறப்பார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, எங்கள் குடமுருட்டிக்கு வந்து சேர மேலும் சில நாட்கள் ஆகும். ஏறக்குறைய இங்கிலீஷ்காரன் தூண்டிலை எடுக்கிற நாளில்தான் நாங்களும் எடுப்போம். அவனுக்குச் சட்டம் கதவைத் திறந்துவிடுகிறது, எங்களுக்கு மதகு. வித்தியாசம் என்னவென்றால், அவனுடைய ஆறு அந்த மூன்று மாதமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

குடமுருட்டியின் தென்கரையில் பிறந்தவன் நான். எங்கள் பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்கள் இரண்டு விதம். சாப்பாட்டுக்குப் போடுகிறவர்கள், வேலை இல்லாததால் போடுகிறவர்கள். குறுவை நடவு முடிந்து களை எடுப்பு வரும்வரை பலர் இரண்டு விதத்திலும் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். பொழுதுபோக்கு என்ற வார்த்தையை அவர்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். என் பெரியப்பா ஒருவர்தான் மூன்றாவது ரகம். அவருக்கு அது ஒரு வித்தை.

தூண்டில் கழிக்கு அவர் கல்மூங்கிலைத்தான் தேடுவார். கெட்டியாக, உள்ளே துவாரம் இல்லாமல், நுனி மட்டும் சாட்டைபோல வளைய வேண்டும். வெட்டி வந்து நிழலில் உலர்த்தி, கோணல் இருக்கும் இடத்தைத் தணலில் காட்டி, முழங்காலில் வைத்து அழுத்தி நிமிர்த்துவார். அப்புறம் வேப்பெண்ணெய் தடவி அடுப்பங்கரைப் பரணில் புகையில் போட்டுவிடுவார். ஒரு வருஷம் அது அங்கேயே கிடக்கும். அவர் சிறு பையனாக இருந்தபோது நரம்பு கிடையாதாம். பருத்தி நூலைத் திரித்து, பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் காயப்போட்டு உபயோகிப்பார்களாம். எனக்கு நினைவு தெரிந்த நாளில் நைலான் நரம்பு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தக்கைக்கு மயிலிறகின் அடித்தண்டு. அது கிடைக்காவிட்டால் சோளத்தட்டையின் நெட்டி. கடையில் விற்கும் பச்சையும் சிவப்பும் அடித்த பிளாஸ்டிக் தக்கையை அவர் கையால் தொடமாட்டார். "அது மீனுக்குத் தெரியுதோ இல்லையோ, எனக்கு மீனு தெரியமாட்டேங்குது" என்பார்.

அவர் சொன்னதன் பொருள் பின்னால்தான் எனக்கு விளங்கியது. மீன் தண்ணீருக்குள் இருக்கிறது. நமக்குத் தெரிவது தக்கை ஒன்றுதான். அது ஆடுகிற ஆட்டத்திலிருந்து அடியில் இருப்பவர் யார் என்று சொல்லவேண்டும். கெண்டை கொத்தும், தக்கை இரண்டு மூன்று முறை நடுங்கி நிற்கும், மறுபடி நடுங்கும். நடுக்கத்தில் இழுத்தால் முள்தான் வரும். கெளுத்திக்கு அந்த நாசூக்கெல்லாம் இல்லை. கவ்வினால் நேரே கீழே கொண்டுபோகும். கரைக்கு வந்ததும் கர் கர் என்று முனகும், முள்ளால் குத்தவும் குத்தும். குத்திய இடம் அன்று இரவு முழுவதும் கடுக்கும். உளுவை சோம்பேறி. இரையை விழுங்கிவிட்டு அந்த இடத்திலேயே படுத்திருக்கும். தக்கை லேசாகச் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான். தெரியாதவன் காற்று என்று நினைப்பான். ஆரல் மணலுக்குள்ளிருந்து மூக்கை நீட்டித் தொட்டுப் பார்க்கும். பெரியப்பா தக்கையைப் பார்த்துக்கொண்டே, "கெளுத்திடா, கைய வைக்காம தள்ளி நில்லு" என்பார். இழுத்தால் கெளுத்தியாகவே இருக்கும்.

அவருக்குச் சில விதிகள் இருந்தன. விரால் குஞ்சு பொரித்த காலத்தில் தாயும் தகப்பனும் அதைக் காவல் காக்கும். செக்கச்செவேலென்று குஞ்சுகள் ஒரு கூட்டமாக மூச்சு வாங்க மேலே வந்து வந்து போகும். அந்தக் கூட்டத்தின்மேல் தவளைக் குட்டியைக் கோத்துத் தூண்டிலை ஆட்டினால், பசிக்காக இல்லாவிட்டாலும் கோபத்திலாவது தாய் விரால் வந்து கவ்வும். இரண்டு கிலோ மீன் இரண்டு நிமிஷத்தில் கிடைத்துவிடும். ஊரில் எல்லாரும் இதைச் செய்தார்கள். பெரியப்பா செய்ததில்லை. அவர் கண்ணெதிரே யாராவது செய்தால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். உபதேசம் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். பாகப்பிரிவினையில் ஒரு களத்துமேடு யாருக்கு என்பதில் வந்த தகராறு. அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருஷம் பேசவில்லை. குழந்தைகளுக்குத் தடை இல்லை. அண்ணன் தம்பிகளுக்கு மட்டும்தான். நான் பத்தாவது படிக்கும்போது அப்பா மாட்டுவண்டியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டு எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். வீட்டில் வரும்படி நின்றுவிட்டது. முதல் மாதம் உறவினர்கள் வந்தார்கள்; இரண்டாவது மாதம் விசாரித்தார்கள்; அப்புறம் அதுவும் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் பெரியப்பா ஆற்றிலிருந்து வரும்போது என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். செவுளில் கோரைப்புல்லைக் கோத்து ஏழெட்டு மீன்களைக் கொத்தாகப் பிடித்திருந்தார்.

"இந்தாடா தம்பி, உங்கம்மாகிட்ட குடு. இன்னிக்கு ஆறு கொஞ்சம் கூடத்தான் குடுத்துடுச்சு."

"அப்பா கேட்டா என்ன சொல்றது பெரியப்பா?"

"ஆத்துலேந்து வந்துச்சுன்னு சொல்லேன். பொய்யா?"

அம்மா குழம்பு வைத்தாள். அப்பா சாப்பிட்டார். கெளுத்தியின் தலையை உறிஞ்சிக்கொண்டே, "உப்பு ஒரு கல்லு கூடுதல்" என்று மட்டும் சொன்னார். யார் பிடித்தது என்று கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. தண்ணீர் ஓடிய நாளெல்லாம் வாரத்துக்கு மூன்று நான்கு தடவையாவது கொல்லைப்பக்கத்தில் கோரைப்புல் கொத்து வந்துகொண்டிருந்தது. அம்மா பதிலுக்குக் கீரையோ முருங்கைக்காயோ வேலிமேல் வைப்பாள். அதுவும் காணாமல் போகும்.

பெரியப்பா கையில் அப்போது காசு இல்லாமல் இல்லை. கடைத்தெருவில் மீன் வாங்கிக் கொடுத்திருக்கலாம், அரிசியே வாங்கிக் கொடுத்திருக்கலாம். அப்பா அதைத் திருப்பி அனுப்பியிருப்பார். விலை கொடுத்து வாங்கியது கடனாகிவிடும். ஆறு கொடுத்ததை யார் கையால் வாங்கினால் என்ன? விலை இல்லாத ஒரு பொருள் ஊரில் இருந்ததால்தான் பேசாத இரண்டு மனிதர்கள் எட்டு மாதம் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது. ஆற்று மீன் குறைந்துபோயிற்று என்று பத்திரிகையில் செய்தி பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வருகிறது. டன் கணக்கில் எழுதுகிறவர்கள் இதை எந்தப் பத்தியில் போடுவார்கள்?

டன் கணக்கைப் பார்த்தால், மீன் குறையவில்லை. உள்நாட்டு மீன் நம் தேசத்தில் முன்னைவிட எவ்வளவோ அதிகமாக விளைகிறது. கும்பகோணம் மார்க்கெட்டில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கட்லா, ரோகு, மிர்கால் என்று குவிந்து கிடக்கும். 'ஆத்து மீன், ஆத்து மீன்' என்றுதான் கூவுவார்கள். அதில் பொய் இல்லை; ஆனால் அது கங்கை ஆறு. மூன்றும் வடக்கத்தி மீன்கள். கட்லாவை 1920-களில் கோதாவரிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து காவேரியில் விட்டார்கள். இப்போது குளத்திலும் பண்ணைக் குட்டையிலும் தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்க்கிறார்கள். ஏழைக்கு மலிவாகக் கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் குளம் ஏலத்துக்குப் போய்விட்டது. ஏலம் எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருக்கிறார். அங்கே பையன்கள் தூண்டிலோடு போய் நின்றால் விரட்டத்தான் விரட்டுவார். ஆகவே யாரும் விரட்டாத இடம் ஆறு ஒன்றுதான் என்று ஆயிற்று. அந்த ஆற்றில்தான் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். கதை பழையது. ஆர்தர் காட்டன் துரை 1836-ல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டி முடித்தார். தஞ்சாவூர் ஜில்லா பிழைத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி வந்து முட்டையிடும் உல்லம் என்ற மீனுக்கு அணைக்கரையில் சுவர் எழும்பிவிட்டது. வங்காளிகள் உயிரை விடும் ஹில்ஸாதான் இது. சென்னை ராஜதானியில் மீன் இலாகா ஏற்பட்ட புதிதில், அணைக்கரையில் உல்லத்தின் முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்துக்கூடப் பார்த்தார்கள். 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. உல்லத்தை மேலே வா என்று கூப்பிட்டது ஆடி வெள்ளம். அந்த வெள்ளத்தையே அணை பிடித்து வைத்துக்கொண்டது. என் பாட்டி உல்லம் சாப்பிட்டிருக்கிறாளாம். பெரியப்பா பார்த்ததில்லை. எனக்குப் பெயர் மட்டும் தெரியும். என் பையனுக்கு அதுவும் தெரியாது.

அணை மீனைக் கொன்றது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. மேட்டூர் கட்டி அறுபது வருஷத்துக்குப் பிறகும் குடமுருட்டியில் எங்கள் வீட்டுக் குழம்புக்கு மீன் இருந்ததே! கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது என்பது அணையின் ஏற்பாடு. மொத்தம் 230 நாள். நெல்லுக்கு அது போதும். மீன் வருஷத்தில் 230 நாள் மட்டும் உயிரோடு இருந்தால் போதாது. மீதி நாட்களில் அது எங்கே இருந்தது? ஆற்று வளைவில், பாலத்தடியில், படித்துறைக்குக் கீழே மடுக்கள் இருந்தன. தை, மாசியில் ஓட்டம் நின்ற பிறகும் இரண்டாள் ஆழம் தண்ணீர் நிற்கும். நிற்பதற்குக் காரணம் மணல். இருபதடி, முப்பதடி மணல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலிலும் ஊற்றாக மடுவுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். வாளையும் விராலும் விலாங்கும் அந்த மடுவில் கோடையைக் கழித்தன. அயிரை மணலுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. புதுத் தண்ணீர் வந்ததும் எல்லாம் புறப்பட்டுவிடும். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். நெல்லுக்கு நடுவே முட்டையிட்டு, ஐப்பசி மழையில் குஞ்சும் குட்டியுமாகத் திரும்பும்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக அறுந்தது. முதலில் வயல். புது நெல் வந்த காலத்தில் எண்டிரின் என்ற மருந்தை அடித்தார்கள். அடித்த மறுநாள் வரப்போரமெல்லாம் வெள்ளையாக மீன் மிதக்கும் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். 1990-ல் அதைத் தடை செய்தார்கள். மற்ற மருந்துகள் வந்தன. அப்புறம் முறைப்பாசனம். தண்ணீர் பற்றாக்குறை வந்ததும் இந்த வாரம் இந்த ஆற்றுக்கு, அடுத்த வாரம் அந்த ஆற்றுக்கு என்று மாற்றி மாற்றி விட்டார்கள். பயிர் ஒரு வாரம் தாங்கும். நாலு விரல் தண்ணீரில் அகப்பட்ட மீன் தாங்காது. கொக்குக்கும் காக்கைக்கும் கல்யாணம்தான்.

கடைசியில் மணல் போயிற்று. இதைப் பற்றி நான் விஸ்தாரமாக எழுதப் போவதில்லை; லாரிகளை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். மணல் போன இடத்தில் களிமண் தட்டு தெரிகிறது. அதில் தண்ணீர் நின்றால் பாசி பிடிக்கிறது. ஊற்று இல்லாததால் பங்குனியிலேயே வெடித்துவிடுகிறது. எங்கள் படித்துறை மடு, நான் நீச்சல் கற்றுக்கொண்ட மடு, இன்றைக்குக் கருவேலங்காடு. காட்டாமணக்கும் உண்டு. சில வாய்க்கால்களுக்குத் தரையிலும் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். தண்ணீர் வீணாகாமல் கடைமடைக்குப் போகும் என்றார்கள். போகிறது, ஆனால் சிமெண்டில் ஆரல் எங்கே மூக்கை நுழைக்கும்?

2012 தொடங்கி எட்டு வருஷம் ஒரு வருஷமாவது ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. ஆகஸ்டு என்றார்கள், செப்டம்பர் என்றார்கள். 2017-ல் அக்டோபர் ஆயிற்று. 2020-ல்தான் மறுபடி தேதிப்படி திறந்தார்கள். வருகிற தண்ணீர் எப்போது வந்தாலும் நெல்லுக்கு நாற்றங்காலைத் தள்ளிப் போடலாம், வயது குறைந்த நெல்லை விதைக்கலாம். கெண்டையிடம் போய் இந்த வருஷம் புரட்டாசியில் முட்டை இடு என்று யார் சொல்வது?

இத்தனைக்கும் ஈடுகொடுத்து ஒரு மீன் பெருகியிருக்கிறது. 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன். புத்தகத்தில் திலாப்பியா, எங்கள் ஊரில் ஜிலேபி. ஆண் மீன் தரையில் தட்டுப்போலக் குழி பறிக்கும். பெண் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். அழுக்குத் தண்ணீர், சூடான தண்ணீர், கொஞ்சம் உப்புத் தண்ணீர் எதுவானாலும் சரி. அதன் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் குட்டையில் இடநெருக்கடி வந்துவிட்டால் மூன்று விரல் நீளத்திலேயே அது முட்டையிட ஆரம்பித்துவிடும், வளருவதில்லை. எங்கே தூண்டில் போட்டாலும் அந்த மூன்று விரல் ஜிலேபிதான் வரும். மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி வளர்த்த வேற்றுநாட்டு மீனைச் சலித்துப்போனதும் ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் புண்ணியவான்களும் உண்டு. உடம்பெல்லாம் ஓடு, பூனைகூட முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது.

பெரியப்பாவின் கடைசிக் காலத்தில் நடந்த ஒரு சம்பவம். இரண்டு பையன்கள் முதுகில் பாட்டரியைக் கட்டிக்கொண்டு, இரண்டு கழிகளில் கம்பி சுற்றி, மதகுக்குக் கீழே தண்ணீரில் விட்டார்கள். சடசடவென்று மீன் மல்லாந்து மிதந்தது. விரல் நீளக் குஞ்சுகளும் மிதந்தன. அவற்றை அவர்கள் எடுக்கவில்லை. பெரியப்பா பத்தடி தூரத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கக்கூடாது என்று 1897-லேயே சட்டம் இருக்கிறது; மின்சாரத்தை அன்றைக்கு வெள்ளைக்காரனும் யோசித்திருக்க மாட்டான்.

"நீங்க நாள் பூரா உக்காந்து புடிக்கிறத நாங்க அஞ்சு நிமிஷத்துல புடிச்சிட்டோம் பாத்தீங்களா தாத்தா?" என்றான் ஒருவன். கெட்ட பையன் இல்லை, பெருமையாகத்தான் சொன்னான்.

"சரிடா தம்பி. நாளைக்கு எதைப் புடிப்பீங்க?"

"நாளைக்கு வேற ஊரு தாத்தா."

பெரியப்பா நரம்பைக் கழியில் சுற்ற ஆரம்பித்தார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் நின்று, "அவன் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லடா. அவனுக்கு வேற ஊரு இருக்கு" என்றார்.

அப்பா 2003-ல் இறந்தார். கடுமையான வறட்சி, ஆறு வெறும் வெள்ளையாகக் கிடந்தது. பேச்சு அதற்கு முன்பே கூடிப்போயிருந்தது. எப்படிக் கூடியது, யார் முதலில் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தபோது திண்ணையில் இருவரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். கடைசி மாதத்தில் அப்பாவுக்கு எதிலும் ருசி இல்லை. கெளுத்திக் குழம்பு இருந்தால் ஒரு வாய் சாப்பிடுவேன் என்றார். பெரியப்பா அப்போது எழுபதைத் தாண்டியவர். தூண்டிலை எடுத்துக்கொண்டு போனார். கொள்ளிடத்தில் எங்கோ ஒரு பள்ளத்தில் தண்ணீர் இருப்பதாக யாரோ சொல்லி, பஸ் ஏறி, அங்கும் போய்வந்தார். இருட்டின பிறகு வெறுங்கையோடு கொல்லைப்பக்கமாக வந்தார். அம்மா, "நான் நாளைக்குக் கடைத்தெருவுல வாங்கியாரச் சொல்றேன் மாமா, விடுங்க" என்றாள். மறுநாள் வாங்கி வந்து வைத்தோம். அப்பா ஒரு வாய் வைத்துக்கொண்டு, "இது நம்ம ஆறு இல்ல" என்று தட்டைத் தள்ளிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவிவைத்தார்.

ஆறு வருஷம் கழித்து அவரும் போய்விட்டார். பரணில் ஒரு கழி இருந்தது. புகையில் கறுத்து, எண்ணெய் குடித்து, இரும்புபோல இருந்தது. அதை நான் எடுத்து வந்தேன். முள் மட்டும் வாங்கவேண்டியிருந்தது. கும்பகோணத்தில் முன்பு நார்வே தேசத்து முள்கூடக் கிடைத்த ஒரு கடையில் கேட்டேன். முள்ளுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும். கெண்டைக்கு என்ன நம்பர், கெளுத்திக்கு என்ன நம்பர் என்று பெரியப்பா எனக்குச் சொல்லிவைத்திருந்தார். கடைக்காரர் ஒரே ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"நம்பரெல்லாம் யாருங்க கேக்குறாங்க இப்ப? ஜிலேபிக்கு இதான் எல்லாரும் வாங்குறாங்க" என்றார்.

2024-ல் அணையை ஜூலை 28-ல் திறந்தார்கள். ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கலங்கல் தெளிய ஆரம்பித்திருந்தது. என் பையன் தானாகவே கழியை எடுத்து வந்தான். மண்புழுவுக்கு எங்கள் கொல்லையில் வெட்டிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி வாழைக்குழியில் இருக்கும் என்று காட்டினாள், இருந்தது. ரெகுலேட்டருக்குக் கீழே மூன்று பேர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். இருவர் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள். சுருள் வைத்த கண்ணாடி நார்க் கழி, தொப்பி எல்லாம் இருந்தன. மூன்றாமவர் நூறுநாள் வேலைக்குப் போய்விட்டு வந்தவர்; அவர் கையில் வெறும் சவுக்குக் குச்சி, மருந்துச் சீசாவின் கார்க்கைச் செதுக்கிய தக்கை. எங்கள் கழியை வாங்கி, நுனியை வளைத்துப் பார்த்து, "இது யாரு செஞ்சதுங்க?" என்று கேட்டார். சொன்னேன். தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

இரண்டு மணி நேரத்தில் எங்களுக்கு நாலு ஜிலேபி. அவருடைய கார்க் நடுங்காமல், அமுங்காமல், கொஞ்சம் சாய்ந்து நின்றது. காற்று இல்லை. அவர் பார்க்கவில்லை, பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உளுவை" என்றேன்.

அவர் இழுத்தார். ஒரு சாண் இருக்கும். முள்ளைக் கழற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஆழமாக விழுங்கியிருந்தது. அதைக் கோரைப்புல்லில் கோத்துக்கொண்டு இன்னொரு புழுவைத் தேடினார். அவர் சிரட்டையில் தீர்ந்துபோயிருந்தது. என் பையன் எங்கள் சிரட்டையை அவர் பக்கம் தள்ளிவைத்தான்.